மனநோய்க்கான மருந்தும் வீடு தேடி வர வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஊரகப் பகுதிகளில் வாழும் கடும் மனநோயாளிகளின் குடும்பத்தினர்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: மனச்சிதைவு (இல்லாததை உண்டென நம்பவைக்கும் நோய்), இருமுனைக் கோளாறு (மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) போன்ற கடும் மனநோய்களுக்கான மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடையின்றி வழங்கவும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் வீடுகளில் மகனாகவும் மகளாகவும் தாயாகவும் உடன்பிறந்தவராகவும் இருப்பவர்கள் நீண்டகாலமாகக் கடும் மனநோயோடு வாழ்ந்து வருகின்றனர். மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கும் மாதங்களில் அவர்களில் பலர் வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மாத்திரை நின்றால் மறுநாளே எதுவும் தெரிவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ கழித்து முதலில் தூக்கம் கெடுகிறது, பிறகு பேச்சு மாறுகிறது, அதன்பின் யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்லி வீட்டை விட்டே போய்விடுகிறார்கள். இந்த இடைவெளியினால்தான், “மருந்தை நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறான்” என்று குடும்பமும் ஏமாந்துபோகிறது.

மருந்து நிற்பதற்கு நோயாளியின் பிடிவாதம் மட்டுமே காரணம் என்று கருத வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மனநல மருத்துவர் மாதத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் வரும் மருத்துவமனைக்கு, பேருந்துக்குப் பயப்படும் ஒருவரை அழைத்துப் போக வேண்டும். துணைக்குப் போகிறவரும் அன்றைய கூலியை இழக்க வேண்டும். அங்கே போன பிறகு, எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று இருப்பில் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்படுவதும் உண்டு. அந்த ஒரு மாத்திரையை வாங்க முடியாத மாதத்தில்தான் பெரும்பாலும் நோய் திரும்புகிறது. மருந்து வாங்கித் தரும் முதிய தாய்தந்தையர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் சிகிச்சையே நின்றுபோகிறது.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. மனநோயாளி எவரும் சிகிச்சைக்காக நெடுந்தொலைவு பயணிக்கும் நிலை கூடாது, அவர் வாழும் இடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்றும், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேல்நிலை மருத்துவமனை வரை எந்நேரமும் இலவசமாக இருக்க வேண்டும் என்றும் பிரிவு 18 கூறுகிறது. அரசு மருத்துவ அலுவலர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசர மனநலச் சிகிச்சையிலும் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது பிரிவு 31. மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 10 ஆண்டுகளுக்குள் பன்னாட்டு அளவுக்கு உயர்த்த முயல வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்வதால், 2028 வெகு தொலைவில் இல்லை என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் எங்கள் தெருவுக்கே வந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை தருகிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் தாய் இருக்கும் அதே வீட்டில், மனச்சிதைவுக்கு மாத்திரை தேவைப்படும் மகனும் இருக்கிறான். மருத்துவர் பரிசோதித்து, மருந்தளவு நிலைபெற்ற நோயாளிகளுக்கு ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகளையும் அந்தப் பையிலேயே சேர்த்து அனுப்பினால் எங்கள் சுமையில் பாதி குறையும். கூடவே தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கை நடுக்கம் உண்டா என்று அந்தத் தன்னார்வலர் கேட்டு எழுதிக்கொண்டால், நோய் திரும்புவதை முன்கூட்டியே பிடித்துவிடலாம். இதற்கு அவருக்குச் சிறிது பயிற்சியும், கூடுதல் வேலைக்கேற்ற ஊக்கத்தொகையும் தர வேண்டும். ஏற்கெனவே குறைந்த தொகைக்கு உழைப்பவர் மீது இதையும் ஏற்றிவிடுமாறு நாங்கள் கேட்கவில்லை.

எல்லா மருந்தையும் இப்படித் தர இயலாது என்பதை அறிவோம். க்ளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவருக்கு இரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையும், லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவையும் குறித்த காலத்தில் பார்க்க வேண்டும். இரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை அந்நிலையத்திலேயே தெரிவிக்கலாம். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. மனநல மருத்துவர் எழுதித் தந்தால் செவிலியரே அதைப் போடலாம், அந்த ஊசி இருப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதலில் இம்மருந்துகளின் தேவையை வட்டாரவாரியாகக் கணக்கிட்டு, கையிருப்பு தீரும் முன்பே நிரப்பும்படி ஆணையிட வேண்டுகிறோம்.

மருத்துவமனைக்கு வரவே மறுப்பவர்களின் நிலைதான் மிகக் கொடியது. அவர்களுக்காக, அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தில் பணிபுரியும் மருத்துவக் குழு வீட்டுக்கு வர வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம், சென்னையில் உள்ள மருத்துவர் காணொலி வழியே நோயாளியோடு பேசவும், உடனே மருந்து தரவும் வசதியுள்ள பேருந்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. அத்தகைய ஊர்தி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேவை. தொலைபேசி வழியே இலவச மனநல ஆலோசனை தரும் அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணான 14416 2022 அக்டோபர் முதல் இருப்பது ஆறுதலே என்றாலும், தான் நோயுற்றிருப்பதையே ஏற்காதவர் அந்த எண்ணை அழைக்கமாட்டார்.

யாரும் வராத வீடுகளில் கதவைப் பூட்டுகிறார்கள். சிலர் கட்டியும் வைக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகு, எவ்வகையில் சங்கிலியிடுவதையும் மேற்சொன்ன சட்டம் தடைசெய்துவிட்டது. தடை சரியானதே. ஆனால் இரவில் ஓடிப்போய்க் கிணற்றில் விழுந்துவிடுவானோ என்று அஞ்சும் தாயிடம், சங்கிலிக்குப் பதிலாக என்ன செய்வது என்று சொல்ல ஒரு ஆளை அனுப்பாமல் தண்டனையை மட்டும் சொல்வது நியாயமாகாது. அந்தத் தாய்க்கு முதலில் தேவைப்படுவது, அன்று மாலைக்குள் வந்து ஊசி போட்டு, தேவையானால் ஊர்தியில் அழைத்துப் போகும் ஒரு குழு. கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போவோரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். ஏர்வாடி தர்காவில் வழிபாட்டோடு சிகிச்சையும் கிடைக்க அரசே ஏற்பாடு செய்தது போல், மற்ற இடங்களிலும் செய்யலாம்.

மனநோயால் ஏற்படும் ஊனத்துக்கும் மாற்றுத்திறனாளிச் சான்று உண்டு என்பது எங்களில் பலருக்கே அண்மையில்தான் தெரியவந்தது. அதற்கான முகாம்களை வட்டார அளவில், மனநல மருத்துவர் வரும் நாளிலேயே நடத்தினால் இன்னொரு பயணம் மிச்சமாகும்.

முதற்கட்டமாக, மனநலத் திட்டக் குழுவின் வருகை மிகக் குறைவாக உள்ள ஒன்றியங்களில் வீடு தேடி மருந்து வழங்கும் ஏற்பாட்டைத் தொடங்கவும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மருந்து இருப்பில் உள்ளது என்பதை மாதந்தோறும் அந்நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கவும் உத்தரவிடுமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடும் மனநோயாளிகளின் குடும்பத்தினர்