திருப்பி அனுப்பப்படும் குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடுப்பூசியின் அவசியம் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் அறிவிக்கப்பட்டதையும், உலக சுகாதார நிறுவனம் 1974-ல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் ஐம்பது ஆண்டுகளில் 15 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளதையும் எடுத்துச் சொன்னது நன்று. ஆனால் தடுப்பூசி கிடைக்காத குழந்தைகள் அனைவருக்கும் பெற்றோரின் அறியாமையும் வதந்தியுமே காரணம் என்பதுபோல் கட்டுரை முடிந்திருப்பதை ஏற்க முடியவில்லை. ஊசி போட்டுக்கொள்ள வந்த குழந்தை போடாமலே திரும்புவதும், போட்ட ஊசி பலனில்லாமல் போவதும் தடுப்பூசி மையங்களுக்குள்ளேயே நடக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய யாருடைய மனத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நடைமுறையை மாற்றினால் போதும்.

முதலில் குப்பி. பொதுத் திட்டங்களில் தட்டம்மைத் தடுப்பூசி பெரும்பாலும் பத்துத் தவணை (பத்துக் குழந்தைகளுக்குப் போடும் அளவு) கொண்ட குப்பியில் உலர்ந்த தூளாக வருகிறது. அதற்குரிய திரவத்தைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள், முகாம் அதற்கு முன்பே முடிந்தால் அப்போதே, மிச்சத்தை அப்புறப்படுத்திவிட வேண்டும். கிருமி வளராமல் காக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. மறுநாள் வரை வைத்திருந்து போட்டால் குப்பிக்குள் வளர்ந்த பாக்டீரியாவின் நஞ்சு சில மணி நேரத்தில் குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே இந்த விதியில் தளர்வே கூடாது. ஆனால் இதே விதிக்குப் பயந்து, ஒரே ஒரு குழந்தை வந்திருக்கும் நாளில் குப்பியைத் திறக்கவே செவிலியர் தயங்குகிறார். ஒன்பது தவணை வீணாகும், மாத அறிக்கையில் விரயக் கணக்கு ஏறும், மேலிடம் விளக்கம் கேட்கும். "அடுத்த வாரம் வாங்கம்மா, இன்னும் நாலு குழந்தை சேரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த தாய் அடுத்த வாரமும் வருவார் என்பதற்கு என்ன உறுதி? ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதை வாய்மொழியாகச் சொன்னால் பயனில்லை. தட்டம்மை, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. ஆகியவற்றின் குப்பிகளின் விரயத்துக்கு விளக்கம் கேட்கப்படாது என்று எழுத்தில் ஆணை வந்தால்தான் செவிலியரின் கை குப்பியை நோக்கிப் போகும்.

அடுத்தது, தேவையே இல்லாத ஒத்திவைப்பு. சளி, லேசான காய்ச்சல், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாட்டிக் மருந்து எடுத்துக்கொண்டிருப்பது, எடைக் குறைவு: இவற்றில் எதுவும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது. எடை குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் ஆபத்து அதிகம் என்பதால் அதற்குத்தான் முதலில் போட வேண்டும். முன்பு அதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் நிறுத்தலாம். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உயிருள்ள கிருமி கொண்ட தட்டம்மை போன்ற ஊசிகளைத் தவிர்க்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோயுற்ற குழந்தைக்குத் தேறிய பிறகு போடலாம். இதைத் தாண்டி நீளும் பட்டியல்கள் பெரும்பாலும் வழக்கத்தில் வந்தவை. தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற நம்பிக்கையும் அப்படிப்பட்டதே. எத்தனை மாதம் தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். "ஏன் இவ்வளவு லேட்?" என்ற அதட்டலுக்குப் பயந்தே வராமல் நின்றுவிடும் தாய்மார்களை இந்த ஒரு செய்தி திரும்ப அழைத்து வரும்.

தாமதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தட்டம்மைக் கணக்கே சொல்லும். தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றைக் கொடுப்பார். அவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். பரவலைத் தடுக்க நூற்றுக்குச் சுமார் 95 பேருக்குத் தடுப்பாற்றல் இருக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறுக்கிடுவதாலும் பிற காரணங்களாலும், நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளிடமே பலிக்கும். 95 சதவீதக் குழந்தைகளுக்கு அதைப் போட்டுவிட்டாலும் உண்மையில் காப்புப் பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 81 பேர்தான். மீதி 19 பேருக்காகவே இரண்டாவது தவணை. அது கூடுதல் வலுவுக்காகப் போடும் ஊக்க ஊசி என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் தவணையின் எண்ணிக்கையை மட்டும் காட்டிப் பெருமைப்படும் அறிக்கைகளை இதனால்தான் நம்ப முடிவதில்லை. சராசரி எண்ணும் ஏமாற்றும்: விடுபட்டவர்கள் ஒரே குடியிருப்பில் சேர்ந்திருந்தால், மாவட்டம் முழுவதற்கும் 95 என்று காட்டினாலும் அங்கே நோய் புகுந்துவிடும்.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு கேடு. தடுப்பூசி என்றால் குளிராக இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். வைக்க வேண்டிய அளவு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வெப்பத்தைக் கண்டுபிடிக்கக் குப்பியின் மேலேயே ஒரு அடையாளம் இருக்கிறது: வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் கறுத்துவிட்டாலோ கூடாது. ஆனால் உறைந்துபோனதை இந்த அடையாளம் காட்டாது. தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், ஹெப்படைட்டிஸ் பி ஆகியவற்றுக்கான ஊசிகளில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. உறைந்தால் அந்த உப்பு திரண்டு மருந்தின் வீரியம் போய்விடும். உருகிய பின் பார்த்தால் பழையபடி வெண்மையாகத்தான் தெரியும். போட்டுக்கொண்ட குழந்தைக்கு அட்டையில் தேதி இருக்கும், உடம்பில் காப்பு இருக்காது.

எங்கே உறைகிறது? உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே தடுப்பூசி எடுத்துச் செல்லும் கேரியரில் வைத்து, குப்பியை அதன்மேல் சாய்த்து வைக்கும்போது. பேக்கை வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே நீர் சலசலக்கும் வரை காத்திருந்து அதன் பிறகே அடுக்க வேண்டும். முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில் இதுதான் விட்டுப்போகிறது. குளிர்பெட்டியின் உறைபகுதியை ஒட்டியோ அடித்தட்டிலோ இந்த ஊசிகளை வைப்பதும் அதே வினைதான். சந்தேகம் வந்தால் சோதனை எளிது. அதே தயாரிப்பாளரின் அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்குங்கள். சந்தேகக் குப்பியையும் அதையும் சேர்த்துக் குலுக்கி அருகருகே வையுங்கள். உறையவைத்த குப்பியில் வண்டல் விரைவாகப் படியும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் படிந்தால் அதைப் போடக் கூடாது.

மையத்தில் நடக்கும் தவறு ஊரின் நம்பிக்கையை எப்படிக் குலைக்கும் என்பதற்கு சமோவா தீவு நாடு இருக்கிறது. 2018-ல் அங்கே தட்டம்மைத் தடுப்பூசித் தூளில் அதற்குரிய நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசியில் குறையில்லை. ஆனாலும் திட்டம் பல மாதங்கள் நிறுத்தப்பட்டது, மக்களின் பயம் அதன் பின்னும் தங்கியது. 2019-ல் தட்டம்மை புகுந்தபோது சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் அந்நாட்டில் 83 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். கலக்கும் திரவத்தை அதே தயாரிப்பாளருடையதாக, தடுப்பூசியோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். வேறு எந்த மருந்தும் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குள் இருக்கவே கூடாது. இரண்டுமே காசு அதிகம் கேட்காத விதிகள்.

எந்த வயதில் எந்த ஊசி என்ற அட்டவணையைத் தாங்கள் அழகாக அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அதன் பக்கத்திலேயே, ஒவ்வொரு முறையும் பெற்றோருக்குச் சொல்லப்பட வேண்டிய நான்கையும் வெளியிட வேண்டுகிறேன். இன்று போட்டது எந்த நோய்க்கு. என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது. அடுத்த ஊசிக்கு எப்போது வர வேண்டும். வரும்போது அட்டையை மறக்காமல் கொண்டு வர வேண்டும். இரண்டாவதைக் கொஞ்சம் விரித்தே போடுங்கள். பெரும்பாலான ஊசிகளுக்குக் காய்ச்சல் ஓரிரு நாளில் வந்து போகும், தட்டம்மை ஊசிக்கோ ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாள் கழித்தே வரும். அதை முன்கூட்டிச் சொல்லாததால் அந்தக் காய்ச்சலை வேறு நோயென்று எண்ணி மிரளும் குடும்பங்கள் ஏராளம்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஒரு வாசகர்