ராகேல் அழட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துன்பம் கடவுளின் பள்ளிக்கூடம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்னைப் போன்ற கிழவர்களுக்கு அது பொருந்தலாம். மூன்று வயதில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை அந்தப் பள்ளியில் எதைக் கற்கும்? கட்டுரையாளர் அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கள் கருமத்தம்பட்டிப் பக்கம் குழந்தை இறந்த வீட்டில் இரண்டு பேச்சு தவறாமல் காதில் விழும். "ஆண்டவருக்குப் பிடித்துப்போனது, எடுத்துக்கொண்டார்" என்பது ஒன்று. மற்றது திண்ணையில் தணிந்த குரலில் வரும்: "அப்பன் ஆத்தா செய்த வினை." இதற்கு இயேசுவே பதில் சொல்லிவிட்டார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமின் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்றார். கையில் செபமாலை ஏறிய பிறகும் வினைக்கணக்குப் பார்ப்பதை மட்டும் நாம் விடவில்லை.

முதல் பேச்சுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது, ஆறுதல் வேடத்தில் வருவதால். டிசம்பர் 28, பெத்லகேமில் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். அந்தக் குழந்தைகளைக் கடவுள் எடுத்துக்கொண்டார் என்று நற்செய்தியாளர் மத்தேயு எழுதவில்லை. அரசன் ஏரோது கொன்றான் என்று எழுதினார். பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுத்த தாய் ராகேலைப் பற்றிய இறைவாக்கினர் எரேமியாவின் வரியை அங்கே வைத்தார். அவளைத் தேற்ற ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே கிணறுகள் கெட்டதும் இறைவன் சித்தமா? 2011இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வளவு வெளிப்படையான பேச்சை எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை.

இவன்தான் காரணம் என்று கைகாட்ட ஓர் ஏரோது இல்லாத துன்பமும் உண்டுதான். விவிலியத்தில், குற்றமின்றித் துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரி. பிறகு காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது அந்த விளக்கக்காரர்களைத்தான், வழக்காடிய யோபுவை அன்று. சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறியவரும் குற்றமற்றவரே. கேட்பவரின் பக்கம் கடவுளே நிற்கிறார் என்பதுதான் நான் பற்றிக்கொண்டிருக்கும் விசுவாசம். ஏன் என்பதற்கு அதில் விடை கிடையாது. 1984இல் துன்பத்தைப் பற்றி மடல் எழுதிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் கடைசியில் இயேசுவின் உவமையில் வரும் நல்ல சமாரியரிடம்தான் வந்து சேர்ந்தார். அந்தச் சமாரியர் அடிபட்டவனிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. காயத்தைக் கட்டினார், சத்திரத்துக்குக் காசு கொடுத்தார்.

இதே பொருளில் மீண்டும் கட்டுரை வெளியிடுவதாக இருந்தால், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை எழுதச் சொல்லுங்கள். அவர் கோபமாக எழுதினாலும் திருத்தாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கருமத்தம்பட்டி