கடைப் பணியாளர் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, தோழர்களே, வணக்கம்.

வழக்கமாக வரவு செலவில் தொடங்குவேன். இம்முறை அதைப் பொருளாளரிடமே விட்டுவிடுகிறேன். எனக்குச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொங்கல் விற்பனைக்கு முன், நம் கடைத்தெருவில் உள்ள ஒரு துணிக்கடையில் அறிவிப்பு ஒன்று ஒட்டினார்கள். வாடிக்கையாளர் எதிரில் முகம் வாடக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. மீறினால் சம்பளத்தில் பிடித்தம். முதலில் மாட்டியவர் சேலைப் பிரிவில் நிற்கும் நம் உறுப்பினர். ‘சிடுசிடுப்பு’ என்று எழுதி ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள். அறுபது சேலையை விரித்துக் காட்டி, ஒன்றும் விற்காமல் அத்தனையையும் மடித்து அடுக்கியவரின் முகம் வேறு எப்படி இருக்கும்?

வாடிக்கையாளரை வைதவருக்காக நாம் வாதாடவில்லை, வாதாடவும் மாட்டோம். ஆனால் முகவாட்டம் குற்றமா? 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பைப் பிரித்து வைத்துப் பேசினோம். எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதற்கு முன்கூட்டியே அரசின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். விளக்கம் கேட்காமல் விதிக்கக் கூடாது. தொகை அந்த மாதச் சம்பளத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாதத்தை 30 நாளாகப் பங்கிட்டாலும் ஒரு நாள் கூலி 3.3 விழுக்காடு. இந்தக் கணக்கைக் கல்லாவில் இருந்தவரே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். பிடித்த பணமும் சில நாளில் திரும்பியது. அறிவிப்பு இன்னும் சுவரில்தான் இருக்கிறது. பிடித்தம் என்ற வரியின் மேல் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது முக்காலி. கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலும் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது பணியாளர் உட்காரலாம். நம் தெருவில் பல கடைகளுக்கு முக்காலி வந்துவிட்டது என்பது உண்மை. அதன் மேல் உட்கார்ந்திருப்பவை துணிக் கட்டுகள். கேட்டால், உட்கார்ந்திருப்பது சோம்பலாகத் தெரியுமாம். கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு உட்காருங்கள். யாராவது எழுப்பினால் தேதி, நேரம் குறித்துச் சங்கத்தில் கொடுங்கள். தொழிலாளர் துறைக்கு மனு எழுத அதுதான் வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

குடும்பச் சுற்றுலா மழையால் நடக்கவில்லை. முன்பணம் கட்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்