நீங்கள் வேறு, உங்கள் எல்லை வேறு

நீலகிரி மாவட்ட நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளின் தலைவர்கள், உறுப்பினர்கள், ஆணையர்கள், செயல் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம். குன்னூர்–ஊட்டி ரோட்டோரம் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைனில் வரி கட்டுவது, மனு டைப் அடிப்பது, இதுதான் பிழைப்பு. காலையில் ஷட்டர் தூக்கியதில் இருந்து மூடுபனி இறங்கும்வரை வருகிறவர்களிடம் எல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பஞ்சாயத்துங்க?" அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் வந்திருந்தார். முகவரியில் 'ஜெகதளா பேரூராட்சி' என்று நான் அடிப்பதை ஸ்கிரீனில் பார்த்ததும் பதறிவிட்டார். "ஜெகதளா படுகர் ஹட்டிம்மா, அது வேற ஊரு. நான் பொறந்ததுல இருந்து அருவங்காடு. மாத்தி அடிச்சிட்டா நாளைக்கு பென்ஷன்ல பிரச்சினை வரும்." அருவங்காடு ஜெகதளா பேரூராட்சி எல்லைக்குள்தான் வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில், "தாத்தா, அது உங்க ஊர் பேர் இல்ல, உங்ககிட்ட வரி வாங்குற ஆபீஸ் பேரு" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆபீஸ் பேரை எதுக்கும்மா நான் குடியிருக்கிற இடத்துல எழுதுற?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது சரி. சட்டமும் அவர் பக்கம்தான். அரசியலமைப்பின் 243P பிரிவில் 'நகராட்சி' என்றால் தன்னாட்சி அமைப்பு, 'நகராட்சிப் பகுதி' என்றால் அந்த அமைப்புக்கு உட்பட்ட நிலப்பரப்பு என்று இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் கிராம ஊராட்சி வேறு, ஊராட்சிக் கிராமம் வேறு. முதலாவது கூடிப் பேசித் தீர்மானம் போடும். இரண்டாவதில் நாங்கள் குடியிருக்கிறோம். சட்டம் வேண்டாம், சொல்லையே பாருங்களேன். ஊராட்சி என்றால் ஊரின் ஆட்சி. ஆளுகிறவரையும் ஆளப்படுவதையும் தமிழ் ஒன்றாக்கவில்லை. பஞ்சாயத்து என்ற சொல்தான் எல்லாவற்றையும் குழப்பியது. மன்றமும் பஞ்சாயத்து, இடமும் பஞ்சாயத்து, புருஷன் பெண்டாட்டி சண்டையும் பஞ்சாயத்து!

மன்றம் இல்லாமல் ஊர் இருக்கும் என்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை, தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். அதற்காக குன்னூர் எங்கும் போய்விடவில்லை. ஊட்டி நகராட்சி அமைந்தது 1866இல். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் ஜான் சல்லிவன் அங்கே கல்பங்களா கட்டியது 1820களில். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகள் அதற்கும் முந்தியவை.

இந்த மலையில் குழப்பம் கொஞ்சம் கூடுதல். குன்னூரில் பஸ் ஏறி ஊட்டியில் இறங்குவதற்குள், இருபது கிலோமீட்டர்கூட இல்லாத வழியில், குன்னூர் நகராட்சி, வெலிங்டன் கன்டோன்மென்ட், ஜெகதளா பேரூராட்சி, கேத்தி பேரூராட்சி, ஊட்டி நகராட்சி என்று வரிசையாகக் கடக்கிறோம். நடுவில் உள்ள கன்டோன்மென்ட் ராணுவக் குடியிருப்புப் பகுதி. அதன் உள்ளாட்சி நிர்வாகம் மாநில அரசின் கீழ் வராது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பந்தலூர்ப் பக்கம் போனால் தாலுகாவின் பெயர் பந்தலூர், நகராட்சியின் பெயர் நெல்லியாளம், அந்த நகராட்சியின் அலுவலகம் இருப்பதோ பந்தலூரில். வெளியூரில் இருந்து மாற்றலாகி வரும் அலுவலர்கள் முதல் மாதம் தலையைச் சொறிவதில் ஆச்சரியமே இல்லை.

பெயர்க் குழப்பத்தோடு போயிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். என் வீட்டுக்குப் போகும் சந்தின் முனையில் ஒரு தெருவிளக்கு உண்டு. எந்த உள்ளாட்சி என்று சொல்லப் போவதில்லை, இரண்டு எல்லைகள் தொடும் இடம் என்பது போதும். விளக்கு அணைந்துபோனது. ஏழு மணிக்கு மேல் அந்தத் தேயிலைச் சரிவில் காட்டெருமை இறங்கும். இருட்டில் கரும்பாறை மாதிரி நிற்கும், மூச்சு விடும் சத்தம் கேட்ட பிறகுதான் மாடு என்று தெரியும். மனு கொடுத்தேன். "எங்கள் பகுதி அல்ல" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன், அங்கேயும் அதே வரி. மூன்றாவது முறை ஒரு ஊழியர் வெளியே வந்து, மெதுவாக, "ஏரியா எங்களுதுதாங்க்கா, ஆனா அந்த ரோடு ஹைவேஸ் கையில இருக்கு" என்றார்.

பாருங்கள், 'பகுதி எங்களுடையது அல்ல' என்பது ஒரு பதில். 'வேலை எங்களுடையது அல்ல' என்பது வேறு பதில். முதலாவது என்றால் நான் வாசல் மாறி வந்துவிட்டேன், எந்த வாசல் என்று சொல்லி அனுப்புங்கள். இரண்டாவது என்றால் நான் சரியான வாசலில்தான் நிற்கிறேன். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கட்டும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயுடையதாக இருக்கட்டும், சரிவு வனத்துறையுடையதாக இருக்கட்டும், அங்கே குடியிருக்கும் நான் உங்கள் வாக்காளர்தானே. உரிய துறைக்கு என் மனுவை அனுப்பிவைத்து எனக்கு ஒரு நகல் கொடுப்பது உங்கள் வேலை. இரண்டையும் ஒரே வரியில் போட்டு மூடினால் அலைவது நாங்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திருப்பி அனுப்பும் மனுக்களில் இந்த இரண்டில் எது காரணம் என்று எழுதுங்கள். அலுவலக வாசலில் உங்கள் எல்லையின் வரைபடம் ஒன்றை, அதற்குள் எந்த ரோடு யாருடையது என்று கலர் அடித்து, மாட்டுங்கள். தலைவர் படம் மாட்டிய சுவரிலேயே இடம் இருக்கும். விண்ணப்பங்களில் ஊருக்கு ஒரு கட்டம், உள்ளாட்சிக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக் கொடுங்கள்.

அந்தப் பெரியவரின் விண்ணப்பத்தில் ஊருக்குத் தனிக் கட்டம் இல்லை. அருகிலுள்ள அடையாளம் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் 'அருவங்காடு' என்று அடித்துக் காட்டினேன். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இப்படிக்கு,
உங்கள் எல்லைக்குள் கடை வைத்திருப்பவள்