சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்: கண்ணையும் அன்றைக்கே பாருங்கள்

மாண்புமிகு சுகாதார அமைச்சருக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன்.

போன மாதம் கண் பிரிவில் டாக்டர், இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளியான என் அம்மாவின் கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று கேட்டார். கனிவாகத்தான் கேட்டார். அம்மா எதுவும் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். எனக்கும் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கொண்டுவருகிறேன்.

அம்மா ஒரு தவணைகூட தவறவிட்டதில்லை. பதினொரு வருடமாக, காலை ஆறரைக்கே அரசாங்க கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து, பசியாறாமல் காத்திருந்து ரத்தம் கொடுத்தவர். எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், கால் விரல்களைக்கூட ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணைப் படம் எடுக்கும் அறைக் கதவில் மட்டும் 'ரோசாக்' (பழுது) என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அடுத்த தவணைக்குப் போனபோதும் அதே காகிதம், ஒட்டிய டேப் மஞ்சளாகியிருந்தது. அப்புறம் கேமரா சரியாகிவிட்டது. ஆனால் படம் எடுக்கத் தெரிந்த மிஸ்ஸி (தாதி) மாற்றலாகிப் போயிருந்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். கிடைத்த தேதி எட்டு மாதம் கழித்து.

அந்த எட்டு மாதத்தில்தான் அம்மா, "கண்ணுக்குள்ள கொசு பறக்குதுப்பா" என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஒட்டடை மாதிரி நூல் நூலாகத் தெரிகிறது என்றார். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணில் கறுப்புத் திரை. விழித்திரையில் புதிதாக முளைத்த ரத்தக் குழாய் வெடித்து உள்ளே கசிந்திருக்கிறது. துளி வலி கிடையாது. இனிப்புநீர் இருப்பவர்களுக்குப் பார்வை நன்றாக இருக்கும்போதே உள்ளே குழாய்கள் அடைத்துக்கொண்டும் கசிந்துகொண்டும் இருக்கும், நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. போன பார்வையை லேசர் திருப்பிக் கொண்டுவராது, இருப்பதைக் காப்பாற்றும். அம்மாவுக்கு இப்போது இடது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அம்மா இன்சுலின் பேனாவில் இரவு 18 யூனிட் போட வேண்டும். பேனாவின் சின்ன ஜன்னலில் தெரியும் எண் இப்போது அவருக்குத் தெரிவதில்லை. பேனாவைக் காதருகே வைத்துக்கொண்டு, திருகும்போது கேட்கும் 'டிக்' சத்தத்தை எண்ணுகிறார். பக்கத்து வீட்டில் மோட்டார் சைக்கிளை முடுக்கினால் எண்ணிக்கை விட்டுப்போகிறது. திரும்பப் பூஜ்யத்துக்குத் திருகி முதலிலிருந்து எண்ணுகிறார். ஒரு நாள் நான் இரவு ஷிப்டு முடிந்து வந்தபோது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். எத்தனை யூனிட் போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, விடியும் வரை பக்கத்திலேயே இருந்தேன்.

இது உங்களுக்குத் தெரியாத நோயல்ல. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்றது. மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காடு. 2007ஆம் ஆண்டின் கண் பதிவேட்டில், சோதிக்கப்பட்ட இனிப்புநீர் நோயாளிகளில் 36.8 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. இரண்டாம் வகை இனிப்புநீர் என்று தெரிந்த உடனேயே கண்ணையும் பார்க்க வேண்டும், பிறகும் விடாமல் பார்த்துவர வேண்டும் என்று 2011இல் வழிகாட்டி வெளியிட்டதும் உங்கள் அமைச்சுதான். அருமையான வழிகாட்டி. பூட்டிய அறைக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது எப்படி உதவும்?

ஆகவே கேட்பது இதுதான். ரத்தம் எடுக்கும் அதே நாளில் கண்ணையும் படம் எடுங்கள். எல்லா அரசாங்க கிளினிக்கிலும் ஓடுகிற கேமரா ஒன்று, அதை இயக்கத் தெரிந்தவர் இருவர். ஒருவர் மாற்றலானால் இன்னொருவர் இருப்பார். கேமரா பழுதானால் பக்கத்துக் கிளினிக்குக்கு அதே வாரம் அனுப்புங்கள்.

கோவில் மண்டபத்தில் நடக்கும் சுகாதார முகாம்களுக்கு நானும் போயிருக்கிறேன். தே தாரிக்கை (இனிப்பான பால் தேநீரை) குறையுங்கள், தீபாவளிப் பலகாரத்தைக் குறையுங்கள் என்கிறார்கள். சரி, குறைக்க வேண்டியதுதான். ஆனால் என் அம்மா பதினொரு வருடமாகச் சீனி போடாத கோப்பி குடிக்கிறார். எல்லாத் தவறும் எங்கள் வாயில்தான் இருக்கிறது என்பதுபோல் பேசும்போது வயிறு எரிகிறது. கையில் கொடுக்கும் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கண்ணில் மருந்து விட்டுச் சோதித்தால் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகிவிடும், தனியாக வீடு திரும்ப முடியாது. மகனோ மகளோ லீவு போட வேண்டும். நாள்கூலிக்குப் போகும் பிள்ளைக்கு அது ஒரு நாள் சம்பளம். தேதியைத் தள்ளிப் போடுகிறவர்களை அலட்சியக்காரர்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்யும் மிஸ்ஸிகள் மேலும் டாக்டர்கள் மேலும் எனக்குக் குறை இல்லை. அவர்கள் கையில் கருவியைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனக்கும் போன வருடம் இனிப்புநீர் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் இருப்பது போன்ற அதே பச்சை நிற கிளினிக் பதிவுப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது, கண் பக்கம் இன்னும் காலி. ஆகஸ்டில் என் தவணை. அன்றைக்கு அந்த அறை திறந்திருக்க வேண்டும். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

பணிவன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகன்