டப்ளினிலிருந்து அப்பாவுக்கு

டப்ளின்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது. நாலரை மணிக்குள் இருட்டிவிடுவதால், வேலை நாட்களில் வெயிலைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. விடுமுறை நாட்களில் எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். தாலுகா அலுவலகப் பதிவறையில் காலமெல்லாம் பழைய ஏடுகளைக் காத்த உங்களுக்கு நான் சொல்லப்போகும் பதில் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் கண் பிரிவுக்கு வரும் முதியவர்கள், நான் எந்த மாவட்டம், எந்த ஊர், எங்கள் குடும்பம் அங்கே எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று கேட்டறிந்த பிறகே கண்ணில் மருந்து விட அனுமதிப்பார்கள். பிறகு தங்கள் பாட்டனார் ஊரையும் சொல்வார்கள். அப்படி ஒருவர் பேச்சுவாக்கில் வில்லியம் வைல்டு என்ற மருத்துவரைப் பற்றிச் சொன்னார். 1844இல், டப்ளினில் ஒரு பழைய குதிரை லாயத்தில், ஏழைகளின் கண்ணுக்கும் காதுக்கும் மருத்துவமனை தொடங்கியவர் அவர். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் தந்தை என்றே உலகம் அவரை அறியும். அவருடைய குடும்பத்தையும் அவர் மனைவி ஜேனுடைய குடும்பத்தையும் தேடிப் போவதுதான் இப்போது என் விடுமுறை நாட்களின் வேலை.

அயர்லாந்தில் வம்சம் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் அறிய வேண்டும். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, இந்நகரத்து நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. 1861, 1871 தாள்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. முழுமையாக எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான். இதில் என் மனத்தை வருத்துவது என்னவென்றால், 1851 கணக்கெடுப்பின் மருத்துவப் பகுதியைத் தொகுத்தவரே இந்த வைல்டுதான். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் மக்கள் எந்த நோயால், எங்கே மடிந்தார்கள் என்பதை அவர் பல ஆண்டுகள் உழைத்து அட்டவணையாக்கினார். 81 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 65 லட்சமாகக் குறைந்துவிட்ட கொடுமைக்கு அந்த அறிக்கைகள் சாட்சியாக நிற்கின்றன. அந்தப் பணிக்காகவே 1864இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அச்சான தொகுப்பு நிலைத்தது. வீடு வீடாக எழுதி வாங்கிய தாள்கள்தாம் போயின.

எனவே வேறு வழிகளில் தேட வேண்டியிருக்கிறது. வில்லியம் 1815இல் ராஸ்காமன் மாவட்டத்துக் காஸில்ரீ அருகே பிறந்தார். தந்தை தாமஸ் வில்ஸ் வைல்டும் மருத்துவரே. தாய் அமீலியா ஃபின், மேயோ மாவட்டத்துக் காங் ஊரை அடுத்த பகுதியைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். வில்லியம் வசதி பெற்ற பிறகு கோடை இல்லம் கட்ட அந்தத் தாய்வழி மண்ணையே தேர்ந்தெடுத்தார் என்பது, எந்தச் சான்றிதழும் சொல்லாத பற்றை எனக்குச் சொல்கிறது. பிள்ளைகளின் பெயர்களும் ஆவணம் போலவே உதவுகின்றன. மூத்தவன் வில்லியம் சார்லஸ் கிங்ஸ்பரி: சார்லஸ் ஜேனின் தந்தை பெயர், கிங்ஸ்பரி ஜேனின் தாய்வீட்டுப் பெயர். நம் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போலத்தான்.

ஜேனின் வழி இன்னும் சிக்கலானது. தம் குடும்பம் இத்தாலியிலிருந்து வந்தது, கவிஞர் தாந்தேயின் வழிவந்தது என்று அவர் சொல்லிவந்தார். ஆனால் அவருடைய கொள்ளுப்பாட்டனார், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியிலிருந்து அயர்லாந்துக்கு வந்த கொத்தனார். அந்தக் கொத்தனாரின் மகன் வெக்ஸ்ஃபோர்டில் உயர்நிலைக் கிறித்தவக் குருவாகி, ஊரார் மதிக்க வாழ்ந்தார். செங்கல் அடுக்கிய கையிலிருந்து ஒரே தலைமுறையில் அவ்வளவு உயர்ந்தது தாந்தேயைவிடப் பெருமைக்குரியது என்பது என் எண்ணம். ஆயினும் ஜேனைப் பொய்க்காரி என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்களோடு நான் உடன்படவில்லை. தந்தையின் முகம் நினைவில் இல்லாமல் வளர்ந்த பெண் அவர்.

அந்தத் தந்தை, சார்லஸ் எல்ஜி என்ற வழக்கறிஞர், 1824இல் இறந்தது எங்கே தெரியுமா அப்பா? நம் பெங்களூரில்! இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கமே வரவில்லை. ஜேன் தாம் 1826இல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டவர். தந்தையோ அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார் என்றால் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? முதுமையில், கணவரை இழந்து, லண்டனில் வறுமையில் வாடியபோது, எழுத்தாளர்களுக்கான உதவி நிதிக்கு 1888இல் அனுப்பிய விண்ணப்பத்தில்தான் 1821 டிசம்பர் 27 என்று எழுதினார். இங்கே திருமணப் பதிவில் பெரும்பாலும் 'வயது வந்தவர்' என்று மட்டுமே எழுதிவிடும் வழக்கம் இருந்ததால், பெண்ணின் வயது மறைந்துபோவது எளிது. பெங்களூரில் நிகழ்ந்த ஒரு சாவும் பசியில் எழுதிய ஒரு மனுவும் சேர்ந்துதான் அவர் வயதைத் தெளிவாக்குகின்றன.

1851 நவம்பரில் நடந்த அந்தத் திருமணத்தில் மூன்று பிள்ளைகள். அயர்லாந்தில் பிறப்பு, இறப்புகளைக் கட்டாயமாகப் பதியும் சட்டம் 1864 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்ததால், மூவருக்கும் அரசுப் பிறப்புப் பதிவு கிடையாது. ஞானஸ்நானப் பதிவேடுகளையே நம்ப வேண்டும். கடைக்குட்டி ஐசோலா 1867இல், பத்து வயது நிறைவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். சட்டம் வந்த பிறகு அந்தக் குடும்பத்தில் நேர்ந்த முதல் பிள்ளைச் சாவு அவளுடையது.

திருமணத்துக்கு முன் வில்லியமுக்கு எமிலி, மேரி என்று இரு பெண்கள் பிறந்திருந்தார்கள். அவர்களை அவருடைய அண்ணனான குருவானவர் வளர்த்தார். 1871இல், மோனகன் மாவட்டத்தில் ஒரு மாளிகை விருந்தில், ஒருத்தியின் உடையில் தீப்பற்ற, காப்பாற்ற ஓடிய மற்றவளுக்கும் தீ பரவி, இருவருமே இறந்தார்கள். கல்லறையில் 24, 22 என்ற வயதுகளும் அன்பான சகோதரிகள் என்ற வரியும் இருக்கின்றன. பெற்றோர் பெயர் இல்லை. எத்தனையோ ஊர்களின் சாவுகளை எண்ணியெழுதிய மனிதர் இந்த இரண்டையும் வெளியே சொல்லி அழ முடியாமல் போனார். அவர் அதன்பின் ஐந்து ஆண்டுகள்கூட இருக்கவில்லை. ஜேன் 1896இல் லண்டனில் இறந்தபோது ஆஸ்கர் சிறையில் இருந்தார். கல் நட வீட்டில் பணமில்லை. 1999இல்தான் அங்கே ஒரு நினைவுச் சிலுவை எழுந்தது.

அப்பா, உங்களிடம் ஒரு உதவி வேண்டும். அந்தக் காலத்தில் பெங்களூர் கன்டோன்மென்ட் தேவாலயங்களின் அடக்கப் பதிவுகளுக்குப் படியெடுத்துச் சென்னைக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் அனுப்பினார்கள். லண்டன் படிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். சித்தப்பா பெங்களூரில்தானே இருக்கிறார். புனித மாற்கு தேவாலயத்துக்குப் போய், 1824ஆம் ஆண்டு மூல ஏடு அவர்களிடம் இருக்கிறதா, பார்க்க யாரிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். எல்ஜி என்ற பெயரை எழுத்தர்கள் பலவிதமாக எழுதியிருக்கக்கூடும்; எனவே அந்த ஆண்டின் பக்கங்களை முழுவதுமாகப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்பு மகள்