விடிய இரண்டு மணிக்கு எரிகிற லைட்

ஆசிரியருக்கு வணக்கம்,

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கம்பஸ் பெடியளுக்கு அறை வாடகைக்கு விட்டு வருகிறேன். முன்பெல்லாம் விடிய இரண்டு மணிக்கு ஒரு அறையில் லைட் எரிந்தால் பிள்ளை சோதனைக்குப் படிக்கிறான் என்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய்க் கொடுப்பேன், இப்போது அந்த நேரத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போனில் கேம் விளையாடி "பின்னால வாறான், அடி அடி" என்று கத்துகிற சத்தம்தான் கேட்கிறது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் தனியாக டேட்டா தருகிற பக்கேஜ்கள் இருக்கின்றனதானே, பகல் டேட்டா முடிந்தாலும் அது மிஞ்சிக் கிடக்கும், அதனால் விளையாட்டும் அந்த நேரத்துக்கே போய்விட்டது. பிறகு எட்டு மணி விரிவுரைக்கு எப்படி எழும்புவது?

விளையாடுகிற எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. சோதனை முடிந்த கையோடு நாலு பேர் சேர்ந்து கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் படுத்தால் அதில் என்ன பிழை? நான் சொல்வது முன்பு என் வீட்டில் இருந்த ஒரு பெடியனைப் பற்றி. அவன் வீட்டில் கம்பஸ் வந்த முதல் பிள்ளை. சாப்பிடக் கூப்பிட்டால் "இந்த மட்ச் முடியட்டும் அன்ரி" என்பான், சோறு ஆறிக் காய்ந்துவிடும். கேமில் உடுப்பும் துவக்கும் வாங்கியே மகாபொல புலமைப்பரிசில் காசு போனது. கடைசியில் வரவு 80 வீதம் இல்லையென்று சோதனை எழுத விடவில்லை. அதுவரை தாய்க்கு ஒன்றுமே தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன், அது இப்பவும் மனதை அரிக்கிறது.

தாய் வந்து அழுது, போனைப் பறித்துக்கொண்டு போனார். இரண்டாம் நாளே கூட்டாளியின் போனில் தொடங்கிவிட்டான்.

இதைச் சோம்பல், திமிர் என்று ஏசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இந்தக் கேம் அடிமைத்தனத்தை நோய்களின் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. நிறுத்த நினைத்தாலும் முடியாமல், படிப்பு சாப்பாடு எல்லாவற்றையும் விட கேமே பெரிதாகி, கெடுதல் வந்த பிறகும் விடாமல் ஒரு வருசமளவுக்கு இழுபட்டால் அது வருத்தம்தான். வருத்தத்துக்கு மருந்து ஏச்சு இல்லை. மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழைத்துக் கதைக்கலாம், யாழ். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஊர் என்ன சொல்லும் என்று பயந்துகொண்டு வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள்.

கம்பஸிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வரவு குறையத் தொடங்கிய முதல் மாதமே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதையுங்கள், சோதனைக்கு முதல் கிழமை பெயர்ப் பட்டியல் ஒட்டி என்ன பிரயோசனம்? போர்டிங் வைத்திருக்கிற நாங்களும் வாடகையோடு நின்றுவிட முடியாது. இந்த வருசம் வந்த பெடியளிடம் வீட்டு நம்பரை முதல் நாளே வாங்கி வைத்திருக்கிறேன், ஏன் வாங்குகிறேன் என்றும் அவர்களுக்குச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
போர்டிங் வீட்டு அன்ரி,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்